கார் நிறுத்துமிடத்துக்கு 50 நிமிடம், எனக்கு 6

அமெரிக்காவில் இருக்கும் நம் கோயில்களின் அறங்காவலர்களுக்கும், நிர்வாகக் குழுக்களில் இருக்கிற ஐயாக்கள், அம்மாக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒரு கோயிலின் குழுக் கூட்டத்தில் ஜூம் வழியாக நானும் உட்கார்ந்திருந்தேன். எந்தக் கோயில், எந்த மாநிலம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு முழுக்க அந்தக் கோயிலைப் பற்றியே ஆகிவிடும், அப்புறம் வாட்ஸ்அப்பில் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்வீர்கள். அன்றைய நிகழ்ச்சி நிரலில் நான் ஏழாவது. ஆறாவது, கார் நிறுத்துமிடத்து விளக்குகள். எல்.ஈ.டி. போடுவதா, இருக்கிற கம்பத்திலேயே பல்பை மாற்றுவதா, மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கியாயிற்றா, அந்த மூவரில் ஒருவர் செயலாளரின் மைத்துனர் என்பது எல்லோருக்கும் தெரியுமா என்று 50 நிமிடம் போயிற்று. குறையாகச் சொல்லவில்லை. இருட்டில் வயதானவர்கள் தடுக்கி விழுவார்கள், விளக்கு வேண்டியதுதான். என் முறை வந்தபோது பாதிப் பேர் கேமராவை அணைத்திருந்தார்கள், யார் வீட்டிலோ குக்கர் விசிலடித்தது.

நான் கேட்டது நான்கு வரிக் கடிதம். இந்தப் பெண் எங்கள் கோயிலுக்கு வருகிறவள், சைவ மரபில் வளர்ந்தவள், ஆஸ்பத்திரியில் சாப்ளினாக வேலை பார்க்க இவளுக்கு எங்கள் ஆதரவு உண்டு, இப்படிக்கு, கையெழுத்து. அவ்வளவுதான். "சாப்ளின்னா, சார்லியா?" என்று ஒரு மாமா கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், என் அப்பாவும் முதல் நாள் அதையேதான் கேட்டார். நோயாளியின் பக்கத்தில் சமயத் துணையாக உட்காருகிறவர்தான் சாப்ளின். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. அது சர்ச் படிப்பாயிற்றே. ஆஸ்பத்திரி என்றால் தீட்டு விவகாரமெல்லாம் வரும். பெண் பிள்ளையாக வேறு இருக்கிறாய். கோயில் லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு லீகலாக ஏதாவது ஆகுமா? கடைசியில், அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம். மணியைப் பார்த்தேன், ஆறு நிமிடம்.

அந்த ஆறு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'சர்ச் படிப்பு' என்பதிலிருந்தே தொடங்கலாம், அதில் பாதி உண்மை இருக்கிறது. நான் படிப்பது ஹார்வர்ட் டிவினிட்டி ஸ்கூலில், எம்.டிவ். (மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி) என்கிற மூன்று வருடப் படிப்பு, இந்த மே மாதம் முடிகிறது. 1636-இல் ஹார்வர்டைத் தொடங்கியவர்களுக்கு இருந்த பெரிய கவலையே, இப்போதிருக்கும் போதகர்கள் மண்ணுக்குள் போனபின் சபைகளுக்குப் படிக்காத போதகர்கள் வாய்த்துவிடுவார்களே என்பதுதான். டிவினிட்டி ஸ்கூல் தனியாக வந்தது 1816-இல். எந்தச் சபைக்கும் கட்டுப்பட்டதல்ல என்று பெயர், நடைமுறையில், திரித்துவத்தை ஏற்காத கிறித்தவர்களான யூனிடேரியன்களின் வீடு. 1838 ஜூலை 15 அன்று அங்கே டிவினிட்டி ஹாலின் சின்னத் தேவாலயத்தில், பட்டம் பெறப்போகும் ஆறே ஆறு பேர் கொண்ட வகுப்புக்காக அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சன் பேசினார். நீங்கள் இயேசு என்ற ஆளைப் பிடித்துக்கொண்டு ஆன்மாவை விட்டுவிட்டீர்கள் என்கிற பொருளில் போட்டுடைத்தார். அதற்குப் பிறகு ஏறக்குறைய 30 வருடம் ஹார்வர்ட் அவரைப் பேசக் கூப்பிடவில்லை. பெண்களை மாணவிகளாகச் சேர்க்க 1955 ஆயிற்று. உலக சமயங்களுக்கான ஆய்வு மையம் 1960-இல் வந்தது, பௌத்தர்களுக்கென்றே சமயப் பணிப் பயிற்சி 2011-இல். ஆக, சர்ச்சில் தொடங்கியதுதான். இன்றைக்கு என் வகுப்பில் பக்கத்து நாற்காலியில் இருப்பவள் யூதப் பெண், எதிரில் மஞ்சட்காவியில் ஒரு பிக்கு, அவருக்குப் பின்னால் கடவுளே இல்லை என்று சொல்லும் ஒரு மனிதநேயவாதி. அவனும் சாப்ளின் ஆகத்தான் வந்திருக்கிறான்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த உலக சமய மையத்தின் இயக்குநராக இருந்த ஜான் கார்மன் இராமானுசரைப் படித்தவர், திருவாய்மொழிக்குத் திருக்குருகைப்பிரான் பிள்ளான் எழுதிய உரையான ஆறாயிரப்படி பற்றி வசுதா நாராயணனோடு சேர்ந்து புத்தகம் எழுதியவர். பின்னாளில் அதே பொறுப்பில் இருந்த பிரான்சிஸ் குளூனி ஓர் இயேசு சபைப் பாதிரியார், பல பத்தாண்டுகளாக நம்மாழ்வாரை எழுத்தெண்ணிப் படித்தவர். ஆன் மோனியஸ் மணிமேகலையை முன்வைத்துத் தமிழ்ப் பௌத்தத்தை ஆராய்ந்தவர், 2019-இல் மறைந்துவிட்டார், நான் அவரைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. சொந்த ஊரில் எனக்கு ஆறாயிரப்படி என்றால் என்னவென்று ஒருவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஹார்வர்ட் இருக்கும் கேம்பிரிட்ஜின் பனியில்தான் தெரிந்துகொண்டேன். இதில் பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

வார்த்தைகள் மட்டும் இன்னும் சர்ச் வார்த்தைகள்தான். மினிஸ்ட்ரி (சமயப் பணி) என்பார்கள், காங்கிரிகேஷன் (கூடி வழிபடும் சபை) என்பார்கள். உன் காங்கிரிகேஷன் எது என்று முதல் வாரத்தில் ஒரு தோழி கேட்டாள். யோசித்துப் பார்த்தேன், பிரதோஷத்தன்று வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் நிற்கிறவருக்கும் எனக்கும் என்ன உறவு? அவர் பெயர்கூடத் தெரியாது. "நாங்கள் ஒன்றாகக் கும்பிட மாட்டோம், பக்கத்தில் பக்கத்தில் கும்பிடுவோம்" என்றேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் நோட்டில் எழுதிக்கொண்டாள், எனக்கோ சங்கடமாக இருந்தது. பிரசங்கப் பயிற்சியில் எட்டு நிமிடம் பேச வேண்டும். கண்ணப்பரைச் சொன்னேன். கண்ணைப் பிடுங்கும் இடத்தில் வகுப்பே முகத்தைச் சுளித்தது, சிலுவையில் ஆணி அடிப்பதைப் பேசிப் பேசிப் பழகியவர்கள்!

பிரசங்கம் என்றதும் ஆறுமுக நாவலர் ஞாபகம் வருகிறது. சர்ச் படிப்பு என்று சொன்ன ஐயா கொஞ்சம் கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் வெசுலியன் மிஷன் பள்ளியில் இருந்துகொண்டு, பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் துணை நின்றவர் நாவலர். அதே கையோடுதான் 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பாதிரிமார் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்து, நல்ல முறை என்று தெரிந்ததை எடுத்துக்கொண்டார். நாவலரைவிடக் கெட்டியான சைவர் யாரும் உங்கள் குழுவில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சரி, படிக்கிற இடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், இந்தப் பிப்ரவரியின் ஒரு வாரத்தைச் சொன்னால் போதும். 15-ஆம் தேதி ஞாயிறு மகா சிவராத்திரி. 17 சீனப் புத்தாண்டு. 18 புதன் திபெத்தியர்களின் புத்தாண்டான லோசர், கிறித்தவர்களுக்குத் தவக்காலம் தொடங்கும் நாளும் அன்றுதான், ரமலான் நோன்பும் அந்த வாரத்திலேயே பிறந்தது. எங்கள் பொது அறையில் ஒரு குளிர்ப்பெட்டி உண்டு, அதன் கதவில் ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டுகளைப் படித்தாலே ஒரு செமஸ்டர் பாடம் முடிந்துவிடும். கோஷர் தட்டு, தொடாதே. ஹலால். பால் கிடையாது, முட்டை கிடையாது. சாயந்திரம் சூரியன் மறைந்ததும் எடுப்பேன், அதுவரை தயவுசெய்து இதைப் பற்றிப் பேசாதே. ஒரு சமண மாணவிக்காகப் பூண்டு வெங்காயம் இல்லாத தட்டு தனியாக. என் தயிர்சாத டப்பாவில் மட்டும் ஒன்றும் ஒட்டியதில்லை, எல்லோரும் தின்னலாம் என்று நினைத்து ஒட்டவில்லை, யாரும் தின்றதும் இல்லை. ஊறுகாய் மட்டும் காணாமல் போகும்.

அந்தப் புதன்கிழமை காலையில் நெற்றியில் மூன்று பட்டையோடு போனேன், வழக்கமாகப் போடுவதுதான். நடையில் எதிரே வந்த, எபிஸ்கோபல் என்னும் கிறித்தவச் சபையைச் சேர்ந்த தோழியின் நெற்றியில் சாம்பலால் சிலுவை. இருவரும் நின்றுவிட்டோம். "உன்னுடையது எதிலிருந்து?" என்றாள். பசுஞ்சாணம் என்றேன். அவளுடையது போன வருடக் குருத்தோலையை எரித்த சாம்பல். மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்று சொல்லிப் பூசுவார்களாம். எங்கள் ஊர்ப்பக்கத்துக் கத்தோலிக்கர்கள் இந்த நாளுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா என்று கேட்டு, சொல்லைப் பிரித்துப் பிரித்துச் சொன்னேன். திருநீற்றுப் புதன். திருநீறு என்பது என் நெற்றியில் இருப்பதன் பெயர். தமிழில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை என்று கேட்டதும் அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. ஒன்று தவக்காலத்துக்கு வருடத்தில் ஒரு நாள் இட்டுக்கொள்வது, மற்றது குளித்துவிட்டு தினமும் இட்டுக்கொள்வது. பல சமயத்தார் சேர்ந்து படிக்கும் இடத்தில் 'எல்லாம் ஒன்றே' என்று பேசுகிறவனை முதல் மாதத்திலேயே மரியாதையாக ஓரங்கட்டிவிடுவார்கள், அது வாக்குவாதத்திலிருந்து தப்பிக்கிற வழி என்று எல்லோருக்கும் தெரியும்.

புதன்கிழமை மதியம் வாராந்தர வழிபாடு ஒன்று நடக்கும், ஒவ்வொரு வாரமும் ஒரு மாணவர் குழு பொறுப்பேற்கும். இந்து மாணவர்கள் முறை வந்தபோது செருப்பை எங்கே விடுவது என்பதே பெரிய பிரச்சினை, வெளியே பனி, ஆளுக்கொரு பூட்ஸ், கழற்ற மூன்று நிமிடம். டிசம்பரில் எல்லா மரபுக்காரர்களும் சேர்ந்து விளக்கேற்றும் விழாவும் உண்டு. அதெல்லாம் அழகாகவே நடக்கும்.

அழகாக இல்லாததையும் சொல்லிவிட வேண்டும், நீங்கள் என்னை விளம்பரம் செய்கிறவள் என்று நினைக்கக் கூடாது. எங்கள் ஆண்டில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு போதகர் படித்தார், தலித் குடும்பம். தென் மாவட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் எப்படிப் பேசுவோமோ அப்படித்தான் பேசிக்கொள்வோம், பரோட்டா, பஸ், வெயில். ஒருநாள் வகுப்பில் நான் கோயில் என்பது எல்லோருக்குமான இடம் என்று ஏதோ கட்டுரை வாசித்தேன். முடிந்ததும் அவர் தமிழிலேயே, மெதுவாகத்தான், கேட்டார்: "உங்க தாத்தா கும்பிட்ட கோயிலுக்குள்ள எங்க தாத்தா வந்திருக்க முடியுமா அக்கா?" மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்ததே 1939 ஜூலை 8. என் தாத்தா அதற்கு முன் பிறந்தவர். எங்கள் ஊர்க் கோயில் எப்போது திறந்தது என்று வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன், அப்பா பேச்சை மாற்றினார். அந்தக் கட்டுரையைத் திரும்ப எழுதினேன், இன்னமும் சரியாக வரவில்லை.

இலங்கையிலிருந்து வந்த பிக்கு ஒருவரோடு முதல் இரண்டு மாதம் காலை வணக்கத்துக்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. காரணம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறகு அவரே வந்து, தமிழில் ஒரு பௌத்தக் காப்பியம் இருக்கிறதாமே, வாசித்துக் காட்டுவாயா என்று கேட்டார். மணிமேகலை மாதவன், அதாவது ஆண் துறவி, வேடத்தில் வஞ்சிக்குப் போய் வைதிகன், சைவன், வைணவன், ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், பூதவாதி என்று ஒவ்வொருவரிடமாக உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிற இருபத்தேழாம் காதையை வாசித்தேன். வேடம் போட்டால்தான் அவளுக்குப் பாடம் கிடைத்தது என்பதில் எங்கள் பெண் பேராசிரியர் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிக்கு கடைசிவரை கேட்டுவிட்டு, "எங்கள் பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொன்னதில்லை" என்றார். எங்கள் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், மனப்பாடப் பகுதியாக. போரைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வருகிறேன், விஷயமே அங்கேதான்.

சாப்ளின் ஆக வேண்டுமானால் வகுப்பறை போதாது, சி.பி.ஈ. என்கிற மருத்துவமனைப் பயிற்சி வேண்டும். இந்த முறை பிறந்ததே மாசசூசெட்ஸில்தான். ஆன்டன் பாய்சன் என்ற போதகர் 1920-இல் மனம் பேதலித்து மனநல மருத்துவமனையில் அடைபட்டவர். குணமாகி வெளியே வந்தபின், உள்ளே நான் பட்டதை எந்தப் போதகருக்கும் புரிந்துகொள்ளத் தெரியவில்லை என்று சொல்லி, 1925-இல் வூஸ்டர் மாநில மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு போனார். நோயாளியையே ஒரு நூலாக நினைத்து வாசி என்பது அவர் பாடம். இன்றைக்கு ஒரு யூனிட் என்பது 400 மணி நேரம். ஒவ்வொரு வாரமும் ஒரு நோயாளியோடு பேசியதை வார்த்தை பிசகாமல் எழுதி வந்து குழுவில் வைக்க வேண்டும், வெர்பேட்டம் என்று பெயர். நோயாளி என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், எங்கே மௌனம், அந்த மௌனத்தில் எனக்கு வயிற்றில் என்ன செய்தது, எல்லாம். அதைக் குழு பிரித்து மேயும். என் முதல் வெர்பேட்டத்தில் பதினொரு இடத்தில் நான் நோயாளியை முழுசாகப் பேசவிடாமல் ஆறுதல் சொல்லியிருந்தேன். பயிற்சியாளர் பதினொன்றையும் பென்சிலால் வட்டமிட்டுக் கொடுத்தார்.

போன கோடையில் ஓர் இரவு, ஆளையும் இடத்தையும் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன். பேஜர் அடித்தது. பக்கவாதம் வந்த ஒரு பெரியவர், இந்தியர், இந்து, அமைதியில்லாமல் இருக்கிறார், வர முடியுமா. போனேன். பேச்சு போய்விட்டது, முன்பு தெரிந்த ஆங்கிலமும் போய்விட்டது. இடது கையைத் தூக்கித் தூக்கி நெற்றிக்குக் கொண்டுபோகிறார், தலைவலி என்று நினைத்து நர்ஸ் இரண்டு தடவை டைலனால் கொடுத்திருக்கிறார். நல்ல நர்ஸ், அக்கறையானவர், அவருக்கு எப்படித் தெரியும்? விரல் மூன்றும் சேர்ந்து இடமிருந்து வலமாகப் போவதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

கோட்டுப் பையில் எவர்சில்வர் சம்படத்தில் திருநீறு எப்போதும் வைத்திருப்பேன். பொடியாகத் தூவக் கூடாது, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருக்கிறது. கற்பூரம், விளக்கு எதையும் பற்றவைக்கும் பேச்சுக்கே இடமில்லை. வாய் நனைக்க வைத்திருந்த தண்ணீரில் விரலைத் தொட்டுக் குழைத்து நெற்றியில் இட்டேன். கை இறங்கிவிட்டது. அப்புறம் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, எங்கள் பயிற்சியில் இதற்கெல்லாம் வாசகம் கிடையாது. 'மாசில் வீணையும் மாலை மதியமும்' என்று பாதிக் குரலில் ஆரம்பித்தேன். 'வீசு தென்றலும்' வரை ஒன்றும் இல்லை. 'மூசு வண்டறை பொய்கையும்' என்ற இடத்தில் அவர் உதடு என்னோடு சேர்ந்துகொண்டது. பேச்சு இழந்தவர்களில் பலருக்குப் பாட்டு மிச்சமிருக்கும் என்று டாக்டர்கள் சொல்வார்கள், கேட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. சுண்ணாம்புக் காளவாயில் அடைத்துவைத்தபோது அப்பர் பாடியது இது. ஐ.சி.யூ.வில் சத்தமாகப் பாட முடியாது, மானிட்டர் வேறு நடுநடுவே தன் பாட்டுக்குக் கத்தியது. நர்ஸ் குறிப்பேட்டில் எழுதினார்: நெற்றியில் ஈரச் சாம்பல், தலைவலி இல்லை.

இதை வெர்பேட்டமாக வைத்தபோது எல்லோரும் கண்கலங்கிப் பாராட்டுவார்கள் என்று நினைத்தேன். எங்கள் குழுவில் இருந்த யூதத் தோழி கேட்டாள்: "பாடியது அவருக்காகவா, உனக்காகவா?" பதில் சொல்ல வரவில்லை. இன்றும் வரவில்லை.

மறுநாள் என் பணி நேரம் முடிந்ததும், அந்தக் குடும்பத்துக்கு யாராவது துணைக்கு வந்தால் நன்றாக இருக்குமே என்று பக்கத்தில் ஒரு கோயிலுக்குப் போன் செய்தேன். அர்ச்சனை டிக்கெட்டுக்கு ஒன்றை அழுத்தவும், வாகன பூஜைக்கு இரண்டை அழுத்தவும், ஹால் வாடகைக்கு மூன்றை அழுத்தவும். நான்கு இல்லை.

ஐயா, 1977 ஜூலை 4 அன்று நியூயார்க் பிளஷிங்கில் பிள்ளையாருக்குக் கும்பாபிஷேகம் ஆயிற்று. அன்று முப்பது வயதில் தேங்காய் உடைத்தவர்களுக்கு இன்று எண்பது நெருங்கிவிட்டது. நீங்கள் கோபுரம் கட்டினீர்கள், ஸ்தபதிகளை வரவழைத்தீர்கள், குருக்களுக்கு விசா வாங்கினீர்கள், ஒவ்வொன்றும் லேசான வேலை இல்லை, எனக்குத் தெரியும். அந்தத் தலைமுறைதான் இப்போது மூன்றாவது மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கிறது. குருக்கள் ஓதத் தெரிந்தவர், ஓதுவார் பாடத் தெரிந்தவர், கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சும்மா இருப்பது எப்படி என்று எந்தப் பாடசாலையிலும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்ய நான் தயார்.

ஆனால் முழுச் சான்றிதழுக்கு 72 கிரெடிட் முதுநிலைப் படிப்பும் நான்கு யூனிட் சி.பி.ஈ.யும் இருந்தால் மட்டும் போதாது, என் சமயத்தார் என்னை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு ஒப்புதல் வேண்டும். மெதடிஸ்ட் தோழிக்கு அவள் சபை, யூதத் தோழிக்கு அவள் அமைப்பு, ஒரு மின்னஞ்சலில் முடிந்துவிடும். நமக்குப் போப் கிடையாது, பிஷப் கிடையாது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் கையெழுத்துப் போடவும் ஆள் இல்லாமல் போய்விட்டது. வழி இல்லாமலும் இல்லை. 2011-இல் அமெரிக்க இராணுவத்தின் முதல் இந்து சாப்ளினாகப் பிரதிமா தர்ம் நியமிக்கப்பட்டபோது ஒப்புதல் தந்தது சின்மயா மிஷன் வெஸ்ட். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2008-லேயே இந்து சாப்ளினை வைத்துக்கொண்டது. நான் போகும் வழியில், நீ எங்கே கும்பிடுகிறாயோ அங்கிருந்து ஒரு கடிதம் வாங்கி வா என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கடிதம்தான் ஏழாவது ஐட்டமாக இருந்தது.

தீட்டு என்று சொன்னவருக்கும், பெண் என்று சொன்னவருக்கும், வேறு மதத்தார் இடத்தில் போய்ப் படித்தாயே என்று சொன்னவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி வைத்திருந்தேன், பிறகு அடித்துவிட்டேன். திருவதிகையில் சூலை நோய் தாங்காமல் இரவோடு இரவாக அக்கா திலகவதியாரிடம் வந்து விழுந்த தம்பி அப்பர் சமணப் பள்ளியில் இருந்து வந்தவர், தருமசேனர் என்று பட்டம் வாங்கியவர். திலகவதியார் அவரிடம் சான்றிதழ் கேட்டதாகச் சேக்கிழார் எழுதவில்லை. திருநீற்றை எடுத்துக் கொடுத்தார், கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போனார். 'கூற்றாயினவாறு' அப்புறம்தான் பிறந்தது. நோயாளிக்கு விபூதி தந்து பக்கத்தில் நின்றவர் ஒரு பெண், அது தீட்டாக இருந்திருந்தால் உங்களுக்குத் தேவாரத்தில் மூன்று திருமுறை குறைந்திருக்கும். அர்ச்சகர் பயிற்சியையே 2023-இல் ஸ்ரீரங்கத்தில் மூன்று பெண்கள் முடித்தாயிற்று, நான் கருவறைக்குள் போகவும் கேட்கவில்லை.

லீகல் விஷயம் கேட்டவருக்கு மட்டும் நேரான பதில் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. கடிதம் என்னை வேலைக்கு வைப்பதல்ல, சம்பளமும் பொறுப்பும் ஆஸ்பத்திரியுடையது. என்னை உங்களுக்குத் தெரியும் என்பதைத் தவிர நீங்கள் வேறெதற்கும் உறுதி தர வேண்டாம். சந்தேகமிருந்தால் உங்கள் குழுவில் இருக்கும் வக்கீலிடம் காட்டுங்கள், எல்லாக் குழுவிலும் ஒருவராவது இருப்பார்.

இது எனக்கு மட்டும் இல்லை. எங்கள் பள்ளியிலும் மற்ற இடங்களிலும் இந்துப் பிள்ளைகள் இதே படிப்பில் இருக்கிறார்கள், களப்பயிற்சிக்குக் கோயிலில் இடம் கேட்டால் மேற்பார்க்க ஆள் இல்லை என்கிறீர்கள் என்று சர்ச்சிலும் முதியோர் இல்லத்திலும் போய்ச் செய்கிறார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச, ஓய்வுபெற்ற டாக்டர் மாமி ஒருவர் கிடைத்தால்கூட முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். அப்புறம் அந்தப் போன் பதிவில் நான்காவது எண் ஒன்று. அதை அழுத்தினால் என் கைபேசி அடிக்கட்டும், நான் எடுக்கிறேன்.

கடிதத்தின் வாசகத்தை நானே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி செயலாளருக்கு அனுப்பியிருக்கிறேன், தேதியும் கையெழுத்தும்தான் பாக்கி. ஏப்ரல் கடைசிக்குள் கிடைத்தால் மே மாதம் விண்ணப்பித்துவிடுவேன். அடுத்த கூட்டம் ஞாயிறு காலை என்று கேள்விப்பட்டேன். சனி இரவு எனக்கு ஆஸ்பத்திரியில் முறை, காலை ஏழு மணிக்குத்தான் விடுவார்கள், தூங்காமலேயே ஜூமில் வந்துவிடுகிறேன். முடிந்தால் என்னை விளக்குக் கம்பத்துக்கு முன்னால் போடுங்கள்.